மோரோவிண்ட் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்கைரிம் என்ற கணினி கேமை இருநூறு மணி நேரம் ஆடியவன் நான். அதே வரிசையில் 2002இல் வந்த மோரோவிண்டை நண்பர்கள் ஓயாமல் புகழ்கிறார்கள் என்று போன வாரம் தொடங்கினேன். கிராபிக்ஸ் மங்கல். எலி காலடியில் நிற்கிறது, வாளை வீசினால் படவில்லை. எங்கே போவது என்று காட்ட ஒரு குறிகூட இல்லை. இன்றைக்கு இதை ஆடத்தான் வேண்டுமா? கேமை மாற்ற ஆர்வலர்கள் செய்த மாட்களில் நூறைப் போட்டுக்கொண்டு ஆடலாமா?

க.

அன்புள்ள க.,

கிராபிக்ஸுக்கு அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். பழகாவிட்டால் விட்டுவிடுங்கள். மாட் நூறெல்லாம் வேண்டாம். ஓப்பன்எம்டபிள்யூ என்று ஆர்வலர்கள் எழுதிய இலவச எஞ்சின் இருக்கிறது, வாங்கிய கேமை அதில் ஏற்றினால் போதும். வாள் படாததற்குக் காரணம், அடி படுமா என்று பார்க்க உள்ளே பகடை உருளுகிறது. மூச்சிரைக்க ஓடிவந்து, பழகாத ஆயுதத்தை வீசினால் எப்படிப் படும்? தெம்பைக் காட்டும் பச்சைப் பட்டை நிறையும்வரை நில்லுங்கள், தேர்ச்சியுள்ள ஆயுதத்தால் அடியுங்கள்.

ஆனால் குறி இல்லை என்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில நாள் முன்பு ஒருவருக்கு வீட்டுக்கு வழி சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது திருப்பம்கூட வரவில்லை, "லொகேஷன் அனுப்பிடுங்க" என்று வெட்டிவிட்டார். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதற்குள் உங்கள் கடிதம்.

மோரோவிண்டில் பால்மோரா என்ற ஊரில் ஒருவர், ஆர்க்ங்தாண்ட் என்ற பாழிடத்திலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்வார். வழியை வாயால்தான் சொல்வார். அது கேமுக்குள் இருக்கும் ஜர்னலில், அதாவது குறிப்பேட்டில், ஏறும். அன்று நான் ஆடும்போது என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கடிதம் வாசிப்பதுபோல் அதை வாசிப்பார், நான் நடப்பேன். பாலத்தைத் தாண்டினோம், இடத்தையும் கண்டுபிடித்தோம். வாசல் மட்டும் திறக்கவில்லை. இரண்டு இரவு அந்த மூடிய கதவின் முன்னால் நின்றோம். நான் பூட்டு என்றேன், அண்ணன் மந்திரம் என்றார், சண்டை வந்தது. மூன்றாம் நாள் அவர், "தள்ளி ஒரு குழாய் நிற்குதே, அதில என்னமோ திருகு மாதிரி இருக்கு பார்" என்றார். திருகினேன். கதவு நகர்ந்தது. இரண்டு பேரும் பேசவேயில்லை. உள்ளே போய்ப் பெட்டியைக் காணாமல் வெறுங்கையோடு திரும்பினோம் என்பது வேறு கதை. அலமாரியில் இருக்கும் கையளவுப் பொருள் அது. நாங்கள் பெரிய பேழையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

2006இல் இதே வரிசையின் அடுத்த கேம் ஒப்லிவியன் வந்தபோது திசைகாட்டியிலேயே அம்பு வந்துவிட்டது. அப்புறம் அந்த உலகத்தில் யாரும் யாருக்கும் வழி சொல்லவேண்டிய தேவையே இல்லை. ஊர்க்காரர் பேசுவார், நீங்கள் அம்பைப் பார்ப்பீர்கள். ஸ்கைரிமை இருநூறு மணி நேரம் ஆடினீர்களே, அதில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வரைபடம் இல்லாமல் எனக்கு வழி சொல்ல முடியுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைத் திட்டவில்லை, அம்பைத் திட்டுகிறேன். சரி, கொஞ்சம் உங்களையும்தான். ஒரே வாரத்தில், எலி முன்னால் நின்றுகொண்டு இதை ஆடத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

முதல் ஊரை விட்டு பால்மோரா பக்கம் நடந்தால், வானத்திலிருந்து ஒருவர் அலறிக்கொண்டு விழுந்து சாவார். அவரிடம் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்துவிட்டுக் குதியுங்கள். குதிக்கும் முன் சேவ் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது சுருள் எதற்கு என்று நான் சொல்லப்போவதில்லை.