புத்தாண்டன்று துடைப்பத்தைத் தொடலாமா?

கேள்வி: என் மகனும் மருமகளும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் வீட்டையே கழுவிக் கவிழ்த்துவிட்டதாம். புத்தாண்டு விடிந்ததும் மருமகள் வழக்கம்போல வாசலைப் பெருக்க, எதிர்வீட்டுப் பாட்டி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். பெருக்கினால் என்ன தப்பு?
– ஒரு மாமியார், காட்பாடி

பதில்: தப்பெல்லாம் இல்லை அம்மா. பாட்டி உங்கள் மருமகளின் லட்சுமியைக் காப்பாற்றியிருக்கிறார்!

சீனர்களுக்குப் பெருக்கும் வேலை பழைய வருஷத்தோடு முடிந்துவிட வேண்டும். புத்தாண்டன்று பெருக்கினால் குப்பையோடு புதிதாக வந்த அதிர்ஷ்டமும் வெளியே போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால் துடைப்பத்தை ஒளித்தே வைத்துவிடுவார்கள். ஏதாவது கொட்டிவிட்டால் வாசல் பக்கம் தள்ளாமல் உள்பக்கமாகக் கூட்டி ஒரு மூலையில் குவித்து வைப்பார்கள். பல வீடுகளில் ஐந்தாம் நாள்தான் அது வெளியே போகும். முதல் நாள் தலைக்குக் குளிக்கவும் மாட்டார்கள்.

சிரிக்காதீர்கள். விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தை எடுத்தால் சத்துவாச்சாரியில் என் மாமியார் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதே பயம்தான் இது. நமக்குத் தினமும் சாயங்காலம், அவர்களுக்கு வருஷத்தில் சில நாள்.

முன்கூட்டிய சுத்தத்துக்கும் கணக்கு உண்டு. சீன நாள்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள் (தென்சீனாவில் 24) அடுப்படிச் சாமி வானுலகம் போய், அந்த வீட்டைப் பற்றி மேலிடத்தில் சொல்லுவாராம். நல்லதாகச் சொல்லட்டும் என்று அவர் படத்தின் வாயில் தேனையோ பிசுபிசுப்பான மிட்டாயையோ தடவி அனுப்புவார்கள். லஞ்சம்தான், வேறென்ன! சாமி கிளம்பியதும் ஒட்டடை அடிப்பது தொடங்கும். காண்டனீஸ் பேசும் தென்சீனக்காரர்களுக்கு அதே மாதம் 28ஆம் நாள்தான் அழுக்கு கழுவும் நாள். 2026-இல் புத்தாண்டு பிப்ரவரி 17, அந்தக் கழுவும் நாள் 15.

மலேசியாவின் ஈப்போவில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சீன அம்மாவைப் பார்த்திருக்கிறேன். இலையோடு கூடிய மூங்கில் கிளைகளை நீளக் கம்பில் கட்டி மோட்டுவளையைத் தட்டுவார். ஜன்னல் கண்ணாடிச் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று முற்றத்துக்கு வரும். கடைசியாக வாசலில் வெளுத்துப்போன சிவப்புத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுவார். அன்றைக்கு அவரிடம் பேச்சுக் கொடுக்க அவர் கணவருக்கே தைரியம் கிடையாது.

மருமகளிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் முதல் நாள் காலையில் துடைப்பத்தை விட்டுவிட்டு, ஒரு ஜோடி ஆரஞ்சுப் பழத்தோடு பாட்டி வீட்டுக்குப் போகட்டும். இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். பாட்டியும் பதிலுக்கு ஒரு ஜோடி தருவார்.

கேள்வி: அப்படியானால் சீனர்களும் நம்மைப் போலப் பழைய பாயையும் கந்தலையும் கொளுத்துவார்களா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாததைத் தூக்கிப் போடுவதோடு சரி. பழசில் நெருப்புக்குப் போவது, அந்த அடுப்படிச் சாமியின் காகிதப் படம்தான். புகையோடு அவர் மேலே போவதாக ஐதீகம். போகியன்று விடிகாலையில் டயரைக் கொளுத்தி, மேளம் அடிக்கும் பிள்ளைகளை இருமவைப்பது நம் தெருக்காரர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு.