ஸ்ட்ராங்கிள்ஸ் பிசிஆர்: அடிக்கடி வரும் சில கேள்விகள்

(ஸ்ட்ராங்கிள்ஸ் என்பது குதிரைகளுக்கு வரும், தாடைக்கடியில் சீழ்க்கட்டி உண்டாக்கும் தொற்றுநோய். பிசிஆர் என்பது அந்தக் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை.)

கேள்வி: குதிரைக்குக் காய்ச்சல் வந்த அன்றே மூக்கில் ஸ்வாப் எடுத்தோம், பிசிஆர் நெகட்டிவ். ஸ்ட்ராங்கிள்ஸ் இல்லைதானே?

பதில்: அந்த முடிவுக்கு இப்போதே வராதீர்கள். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாள் கழித்துத்தான் கிருமி மூக்கு வழியாக வெளியேற ஆரம்பிக்கும், அதற்கு முன் எடுத்த ஸ்வாபில் எவ்வளவு நல்ல ஆய்வகத்துக்கும் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது. சில நாள் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தாடைக்கடியில் கட்டி உடைந்திருந்தால் அந்தச் சீழையே அனுப்பலாம். அதுவரை குதிரை தனியாகவே இருக்கட்டும். காய்ச்சல் முதலில் வந்து, மற்றவற்றுக்குத் தொற்றும் கட்டம் பின்னால் வருவது நமக்குச் சாதகம்: மற்ற குதிரைகளுக்குத் தினமும் வெப்பநிலை பார்த்து, 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியதை உடனே பிரித்தால் பரவலைப் பெருமளவு தடுக்கலாம். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

கேள்வி: கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) நெகட்டிவ், பிசிஆர் பாசிட்டிவ். எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். கல்ச்சருக்கு உயிருள்ள கிருமி வேண்டும், பிசிஆர் தேடுவது டிஎன்ஏவை, அது செத்த கிருமியுடையதாகவும் இருக்கலாம். ஆனால் கல்ச்சர் பல நேரம் உயிருள்ள கிருமியையும் தவறவிடும், அதனால் தொற்று இருப்பதாகவே நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தொண்டையில் சாதாரணமாக இருக்கும் ஸூஎபிடெமிகஸ் என்ற பாக்டீரியாவைப் பார்த்துப் பிசிஆர் ஏமாறாதா?

பதில்: நல்ல பிசிஆர் ஏமாறாது. இரண்டும் நெருங்கிய உறவுதான், ஆனாலும் ஸ்ட்ராங்கிள்ஸ் கிருமியிடம் மட்டுமே உள்ள மரபணுவைக் குறிவைத்துத்தான் அதை வடிவமைக்கிறார்கள்.

கேள்வி: குணமாகிவிட்டது. எப்போது மற்றவற்றோடு விடலாம்?

பதில்: அறிகுறிகள் போய் குறைந்தது மூன்று வாரம் பொறுங்கள். அப்புறம் எண்டோஸ்கோப்பை விட்டு, தொண்டைக்குப் பக்கத்தில் காற்று நிறைந்திருக்கும் கட்டரல் பைகள் (guttural pouches) இரண்டையும் கழுவி அந்த நீரைச் சோதிக்க வேண்டும். ஏறத்தாழ பத்தில் ஒரு குதிரை, பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருந்துகொண்டே, அந்தப் பைகளுக்குள் கிருமியை மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில்கூட வைத்திருக்கும். சீழ் இறுகிக் கல் மாதிரி ஆகியிருந்தால் அதை வெளியே எடுக்காமல் தீராது. மூக்கு ஸ்வாப் ஒன்றை மட்டும் நம்பி விட்டால் இப்படிக் கிருமியை வைத்திருக்கும் குதிரை கண்ணில் படாமல் தப்பிவிடும். எண்டோஸ்கோப் வசதி இல்லையா? வாரம் ஒன்றாக மூன்று முறை மூக்கு-தொண்டைக் கழுவல் எடுத்து, மூன்றும் நெகட்டிவ் வரவேண்டும். ஒரு குதிரைக்குப் பயன்படுத்திய எண்டோஸ்கோப்பை அடுத்ததற்கு எடுக்குமுன் முழுக்கச் சுத்தம் செய்தார்களா என்றும் கேளுங்கள், ஒட்டியிருக்கும் டிஎன்ஏவே பொய்யான பாசிட்டிவ் காட்டப் போதும்.