சாறாகக் குடிக்க வேண்டாம், சமையலில் போடுங்கள்

கேள்வி: மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். வயது 58, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய என்று கேள்விப்பட்டு, பார்ஸ்லியும் கொத்தமல்லியும் கட்டுக் கட்டாக அரைத்து, நானும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் என் கணவரும் தினமும் சாறு குடிக்கிறோம். மகள் ரோஸ்மேரி காப்ஸ்யூலும் அனுப்பியிருக்கிறாள். சாப்பிடலாமா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவர் விஷயம். இந்த இரண்டு தழைகளிலும், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அதிகம். பொடியாக நறுக்கிய பார்ஸ்லி ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 60 மைக்ரோகிராம் இருக்கிறது. கட்டுக் கணக்கில் குடித்தால் வார்ஃபரினின் வேலை குறைந்து இரத்தம் உறையக்கூடும். அதற்காகச் சாற்றைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். சாறு குடிக்கும் நாட்களில் மாத்திரை அளவைக் கூட்டியிருந்தால், நிறுத்தியதும் இரத்தக் கசிவு வரலாம். இன்றே அவருடைய டாக்டரிடம் சொல்லி ஐ.என்.ஆர். (இரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று காட்டும் பரிசோதனை) பாருங்கள்.

தைம், ரோஸ்மேரி, துளசி, புதினா இவற்றில் ரோஸ்மரினிக் அமிலம் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்ஸிஜனால் கெடுவதைத் தடுக்கும் பொருள், இருப்பது உண்மைதான். ரோஸ்மேரியில் கார்னோசிக் அமிலமும் உண்டு. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க அதன் சாரத்தை உணவுத் தொழிலில் சேர்க்கிறார்கள். ஆனால் சோதனைக் குழாயில் செய்வதையெல்லாம் இவை உடம்புக்குள்ளும் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும், அதையும் கல்லீரல் உருமாற்றிவிடும். உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறையே, இந்தக் காரணத்தால் 2012-இல் அதை விலக்கிக்கொண்டது.

காப்ஸ்யூல் என்றால் எனக்கு இன்னும் தயக்கம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கேரட்டில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994-இல் இந்த முடிவு வெளியானபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. ரோஸ்மேரியும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. காயில் நல்லது என்பதால் மாத்திரையிலும் நல்லது என்று நம்பிவிடக் கூடாது. காப்ஸ்யூலை எடுத்து வையுங்கள், கணவருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

உங்கள் பிரஷருக்கு இந்தத் தழைகள் வேறு விதத்தில் உதவும். ருகாய் (நம் ஊர்த் தக்காளிக் குழம்பு) செய்யும்போது தைம் இலைகளைக் காம்பிலிருந்து உருவி, வெங்காயத்தோடு எண்ணெயில் போடுங்கள். அதன் மணம் எண்ணெயில் இறங்கும். தக்காளி வெந்ததும், அடுப்பை அணைத்துவிட்டுக் கொத்தமல்லி தூவுங்கள். அப்புறம் உப்பைப் பாதியாக்கிப் பாருங்கள், நாக்கு அவ்வளவாகத் தேடாது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும். கருவாட்டு ருகாய் என்றால் தனியாக உப்பே வேண்டாம்.

இப்படித் தூவுகிற அளவு உங்கள் கணவருக்கும் ஆகும். நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் ஒரே அளவாக இருக்கட்டும். ஈறில் இரத்தம், கறுத்த மலம், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீரென்று பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்று எது தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.