மகளின் படிப்பை நிறுத்திக் கடனை அடைக்கலாமா?

வாசகர் கேள்வி, அக்கா பதில்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து இந்தக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. சுருக்கித் தமிழில் தருகிறோம்.)

அன்புள்ள அக்காவுக்கு,

சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 46. சூப்பர்மார்க்கெட் ஒன்றில் வேலை. சம்பளம் 14,800 ராண்டு, பிடித்தம் போகக் கைக்கு 12,500 வருகிறது. கணவர் ஒரு கிடங்கில் 15,600 ராண்டு வாங்கிக்கொண்டிருந்தார். கடந்த அக்டோபரில் ஆட்குறைப்பு செய்து அனுப்பிவிட்டார்கள். இப்போது கிடைக்கிற வேலையைச் செய்து மாதம் 4,000 கொண்டுவருகிறார். மகள் வெஸ்ட்வில் வளாகத்தில் மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அவள் கட்டணத்துக்கு மாதம் 4,200, டாக்ஸிக்கு 900.

கடன்கள்: கணவர் பெயரில் பெர்சனல் லோன், பாக்கி 48,000, தவணை 2,150. அவர் பெயரிலேயே ஃபர்னிச்சர் கடையில் 9,800, தவணை 760. என் பெயரில் துணிக்கடை அக்கவுண்ட் 7,400, தவணை 680. கிரெடிட் கார்டு 16,500, குறைந்தபட்சம் 825. இவை போதாதென்று எங்கள் தெருவில் ஒருவரிடம் 3,000 வாங்கினேன். மாதம் 900 வட்டி. என் வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் அவரிடம்தான் இருக்கின்றன.

எல்லாக் கடனையும் ஒன்றாக்கி 72 மாதத்துக்கு 2,750 தவணையில் லோன் தருவதாக ஒருவர் சொல்கிறார். 'டெட் ரிவ்யூ' (கடன் மறுபரிசீலனை) போ என்கிறாள் தங்கை. மகளோ, படிப்பை நிறுத்திவிட்டுக் கால் சென்டருக்குப் போகிறேன் என்கிறாள். எதைச் செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகள் படிப்பை நிறுத்தக்கூடாது. 1974இல் ஸ்டாண்டர்ட் 8 (இன்றைய பத்தாம் வகுப்பு) முடித்த கையோடு, அக்கா கல்யாணக் கடனுக்காக என்னை மொபெனியில் ஒரு துணித் தொழிற்சாலைக்கு அனுப்பினார் அப்பா. நூல் வெட்டும் மேசையில் உட்கார்ந்தேன். கடன் நான்கு ஆண்டில் தீர்ந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. பிற்பாடு அதே தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு எழுதும் இடத்துக்கு உயர்ந்தேன் என்றாலும், உங்கள் மகள் சொன்ன சொல்லைப் படித்தபோது கை நடுங்கியது. அவள் படிப்பை விட்டால் இதுவரை கட்டிய கட்டணமும் போகும், நாளைக்கு அவள் வாங்கப்போகும் மருந்தாளுநர் சம்பளமும் போகும். இந்த வீட்டில் கடனை ஒருநாள் முழுவதுமாக அடைக்கக்கூடிய வருமானம் அது ஒன்றுதான்.

இனி கணக்குக்கு வருகிறேன். மாதம் 5,315 ராண்டு கடனுக்குப் போகிறது, 5,100 மகளுக்குப் போகிறது. வருவது 16,500. மிஞ்சும் 6,085இல் சாப்பாடு, தண்ணீர், மின்சார டோக்கன் எல்லாம் நடக்கவேண்டும். நடக்காது. அதனால்தான் மாதக் கடைசியில் தெருக் கடன்காரரின் வாசலுக்குப் போயிருக்கிறீர்கள். உங்களிடம் செலவாளித்தனம் எதையும் நான் காணவில்லை.

நீங்கள் கவனிக்காத ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கணவருடைய பெர்சனல் லோன் ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். தவணை, வட்டி, மாதச் சேவைக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'கிரெடிட் லைஃப்' என்று ஒரு வரி இருக்கும். 48,000 பாக்கிக்கு 200 ராண்டு சொச்சம் போட்டிருப்பார்கள். அது காப்பீடு. 2017 ஆகஸ்ட் முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி இப்படிப்பட்ட கடன்களுக்கு ஆயிரம் ராண்டுக்கு மாதம் 4.50 ராண்டுக்கு மேல் வாங்கக்கூடாது. பலரும் இதை 'செத்தால் கிடைக்கும் பணம்' என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வேலை போனாலும் கிடைக்கும். ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு 12 மாதத் தவணையைக் காப்பீட்டு நிறுவனம் கட்டவேண்டும். அதற்குள் வேறு வேலை கிடைத்துவிட்டால் அதுவரை கட்டவேண்டும், கடன் முன்பே முடிந்தால் அத்தோடு நிற்கும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது இல்லை. உங்கள் கணவர் ஆட்குறைப்பில் போனவர்.

அக்டோபரிலிருந்து அந்த 2,150 ராண்டை நீங்கள் பட்டினி கிடந்து கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவரால் கட்டமுடியாமல் போகும் நாளுக்காகத்தானே மாதாமாதம் அந்தக் காப்பீட்டுப் பணத்தைப் பிடித்தார்கள்! ஃபர்னிச்சர் அக்கவுண்டிலும் இதே வரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கிடைத்தால் மாதம் 2,910 ராண்டு உங்கள் தோளிலிருந்து இறங்கும்.

இந்த வாரமே இரண்டு இடத்துக்கும் எழுதுங்கள். ஆட்குறைப்புக் கடிதம், யுஐ-19 படிவம் (வேலை முடிந்ததை முதலாளி அறிவிக்கும் படிவம்), அடையாள அட்டை நகல், கடைசி மூன்று சம்பளச் சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். வேலை போன தேதியிலிருந்து கணக்கிடும்படி கேளுங்கள். தாமதமாக வந்தீர்கள் என்பார்கள். அப்போது பாலிசிப் பத்திரத்தின் நகலைக் கேட்டு, எந்த விதி அப்படிச் சொல்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். இப்போது செய்துகொண்டிருக்கும் சில்லறை வேலையை மறைக்கவேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறுத்துவிட்டால் தேசிய நிதிக் குறைதீர்ப்பாளர் அமைப்பு இருக்கிறது. வங்கி, கடன், காப்பீடு என்று தனித்தனியாக இருந்தவற்றை 2024 மார்ச்சில் ஒன்றாக்கினார்கள். அங்கே முறையிடக் கட்டணம் இல்லை. வேலையில்லாதோர் காப்பீட்டு நிதியில் கணவர் பெயரைப் பதிந்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. பதியாவிட்டால் நாளைக்கே போகச் சொல்லுங்கள்.

அடுத்தது மகளின் கட்டணம். முதலாண்டில் என்எஸ்ஃபாஸ் (அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம்) உதவிக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதை உங்கள் சம்பளக் கணக்கே சொல்கிறது. அன்று இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 3,64,800 ராண்டு. வரம்பு 3,50,000. வெறும் 14,800 ராண்டால் வெளியே நின்றீர்கள். இன்று உங்கள் வீட்டு வருமானம் 2,25,600. அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் படிப்பவள், பாடங்களில் தேறிவருபவள் என்றால், இரண்டாம் ஆண்டு மாணவியும் முதல்முறையாக விண்ணப்பிக்கலாம். 2018இல் தொடங்கி இது திருப்பிக் கட்டவேண்டாத உதவித்தொகை. கட்டணத்தோடு புத்தகத்துக்கும் போக்குவரத்துக்கும் படி உண்டு. விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்துக்கு மகளைப் போகச் சொல்லுங்கள். தந்தையின் வேலை போன கடிதத்தைக் கையோடு எடுத்துப் போகட்டும். இந்த ஆண்டுப் பாக்கிக்கு ஏதாவது வழி உண்டா என்பதையும் அங்கேயே கேட்கட்டும். உங்கள் கடன் பாக்கிகளை என்எஸ்ஃபாஸ் பார்ப்பதில்லை, வருமானத்தைத்தான் பார்க்கிறது. வீட்டில் கடன் இருப்பதால் பிள்ளைக்கு உதவி கிடைக்காது என்ற பேச்சைக் கோயில் திண்ணையில் நானே கேட்டிருக்கிறேன். அது தவறு.

இனி அந்தத் தெருக் கடன்காரர். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. மஷோனிசா என்று ஜூலு மொழியில் சொல்லும் இவர்களை என் சம்பளக் கணக்கு நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை வாசலில் நிற்பார்கள். பழுப்பு உறையில் வாங்கிய கூலி எங்கள் பெண்களின் முந்தானைக்குப் போவதற்குமுன் அவர்கள் கைக்குப் போய்விடும். இப்போது உறை போய் அட்டை வந்திருக்கிறது. 25ஆம் தேதி ஏடிஎம் வரிசையில் உங்கள் அட்டையோடு அவர் நிற்கிறார், 900 எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்கு எண்ணிக் கொடுக்கிறார். உங்கள் உழைப்பின் கூலியை இன்னொருவர் கையால் வாங்குகிறீர்கள்.

2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டத்தின் 133ஆம் பிரிவு கடனுக்கு ஈடாக வங்கி அட்டையையோ, ரகசிய எண்ணையோ, அடையாள அட்டையையோ வைத்துக்கொள்வதைத் தடைசெய்கிறது. வட்டியையும் பாருங்கள். பதிவுபெற்ற குறுகிய காலக் கடன்காரர்கூட முதல் கடனுக்கு மாதம் நூற்றுக்கு 5க்கு மேல் வாங்கமுடியாது. இவர் 30 வாங்குகிறார். சட்டப்படி நீங்கள் புகார் கொடுக்கலாம். ஆனால் அதே தெருவில் உங்கள் மகள் அந்தி வேளையில் டாக்ஸியிலிருந்து இறங்கி நடந்து வருகிறாள் என்பதையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். ஆகவே வாங்கிய முதல் தொகையை ஒரே தடவையில் கொடுத்துத் தொடர்பை அறுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

பணத்துக்கு ஒரு வழி உண்டு. சம்பளத்தில் பிராவிடன்ட் ஃபண்டுக்குப் பிடித்தம் இருந்தால், 2024 செப்டம்பர் முதல் வந்த, ஓய்வுக்காலப் பணத்தைச் சேமிப்பு, ஓய்வு என்று பிரித்துவைக்கும் இரண்டு பானை முறையில் சேமிப்புப் பானையிலிருந்து வரியாண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். குறைந்தது 2,000 ராண்டு எடுக்கவேண்டும். 5,500 எடுத்தால் உங்கள் வரி விகிதமான 18 சதவீதத்தில் 990 போகும், நிதி நிர்வாகம் கொஞ்சம் பிடிக்கும். மீதி அவர் முதலுக்கும் அந்த மாத வட்டிக்கும் போதுமாக இருக்கும். முதுமைக்கான பணத்தைத் தொடச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. மாதம் நூற்றுக்கு 30 வட்டியைக் கொல்ல மட்டும் தொடுங்கள், துணிக்கடைக்காகத் தொடவேண்டாம். பணத்தைக் கொடுத்த அன்றே, அட்டை திரும்பக் கையில் வந்தாலும், வங்கிக்குப் போய் அதை ரத்துசெய்து புதிய அட்டையும் புதிய எண்ணும் வாங்குங்கள். பழைய எண் அவருக்குத் தெரியும்.

72 மாத லோனைக் கைகழுவுங்கள். 2,750ஐ 72ஆல் பெருக்கினால் 1,98,000 ராண்டு. ஏறக்குறைய 85,000 கடனுக்கு அவ்வளவு. அதைவிட முக்கியமான ஒன்று: கணவர் பெயரில் உள்ள லோனை அடைத்துவிட்டால் அதோடு ஒட்டிய காப்பீட்டு உரிமையும் உங்கள் கையை விட்டுப் போகலாம்.

டெட் ரிவ்யூ பற்றித் தங்கை சொன்னது கெட்ட யோசனை இல்லை. தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவுபெற்ற ஆலோசகர் தவணைகளைக் குறைத்து நீதிமன்ற ஆணையாக்கித் தருவார். ஆனால் அதில் நுழைந்தபின் புதுக் கடன் வாங்கமுடியாது, மகள் வங்கியில் மாணவர் கடன் கேட்டால் பொறுப்பாளியாகக் கையெழுத்துப் போடவும் முடியாது. ஆகவே காப்பீட்டுக்கும் என்எஸ்ஃபாஸுக்கும் விடை தெரியும்வரை பொறுங்கள். இரண்டும் கைவிட்டால் போங்கள், தயங்கவேண்டாம். இடையில் '129ஆம் பிரிவு' என்று தலைப்பிட்டுக் கடிதம் வந்தால் மட்டும் பொறுக்கக்கூடாது. அது கடன் கொடுத்தவர் வழக்குக்கு முன் அனுப்பும் எச்சரிக்கை. கிடைத்ததும் பத்து வேலை நாட்களுக்குள் ஆலோசகரிடம் போகவேண்டும். அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே ஃப்ரிட்ஜ் மேல் வைத்தவர்களின் சம்பளத்தில்தான் பின்னாளில் நீதிமன்ற ஆணைப்படி நான் பிடித்தம் எழுதினேன். ஒரு தையல்காரப் பெண்ணுக்கு மூன்று ஆணைகள், கைக்குப் போனது பஸ் டிக்கெட் காசு. இன்று அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அன்று இல்லை.

கைக்கு வரும் முதல் மிச்சத்தை மகளின் கட்டணப் பாக்கிக்கும், பிறகு கிரெடிட் கார்டுக்கும் போடுங்கள். துணிக்கடைத் தவணையைத் தவறாமல் கட்டுங்கள், ஆனால் அந்த அக்கவுண்டில் இனி ஒரு கைக்குட்டைகூட வாங்காதீர்கள். காப்பீட்டுக்காரர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

கேள்வி: ஒன்பது ஆண்டுக்கு முந்தைய துணிக்கடைக் கடனுக்காக இப்போது ஒருவர் போன் செய்கிறார். இந்த ஒன்பது ஆண்டில் நான் ஒரு காசும் கட்டவில்லை, சம்மனும் வரவில்லை. 'நல்லெண்ணத்துக்கு 200 ராண்டு கட்டுங்கள்' என்கிறார். மகனின் மாணவர் கடனுக்குக் கையெழுத்துப் போடவேண்டியிருப்பதால் பயமாக இருக்கிறது. – டோங்காட் வாசகர்

பதில்: 200 ராண்டைக் கட்டாதீர்கள் ஐயா. 'ஆமாம், தரவேண்டும்' என்று போனில் சொல்லவும் வேண்டாம். இப்படிப்பட்ட கடன், பணம் கட்டாமலும் ஒப்புக்கொள்ளாமலும் சம்மன் வராமலும் மூன்று ஆண்டு கடந்தால் காலாவதியாகிவிடும். காலாவதியான கடனை விற்பதை 2015 முதல் சட்டம் தடுக்கிறது. காலாவதி என்று நீங்கள் சொன்னபின் தொடர்ந்து வசூலிக்கவும் கூடாது. எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் பதிலையும் எழுத்திலேயே கொடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் வந்திருந்தால் கதை வேறு, அதற்கு 30 ஆண்டு ஆயுள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மகனுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.