பிசுபிசுக்கும் பட்டன்கள், வெளுத்த டேஷ்போர்டு

2001 மாடல் ஸ்போர்ட்ஸ் காரில் கன்சோல் பட்டன்கள் பிசுபிசுக்கின்றன, டேஷ்போர்டு வெளுத்துவிட்டது, எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம் நண்பரே, பழைய பாகங்களைத் தூக்கிப்போட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

அந்தப் பிசுபிசுப்பு அழுக்கு இல்லை. பிளாஸ்டிக் மேல் பூசிய மென்மையான ரப்பர் பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து இளகியிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு (பட்டன் மேல் நேராக ஊற்றாதீர்கள், சுவிட்சுக்குள் இறங்கிவிடும்) பொறுமையாகத் தேய்த்தால் பூச்சு கறுப்பாக உருண்டு உருண்டு வரும், அடியில் வெறும் பிளாஸ்டிக் தெரியும். பட்டனில் உள்ள குறிகள் அந்தப் பூச்சிலேயே இருந்தால் அவையும் சேர்ந்து அழிந்துவிடும், அதனால் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள்.

டேஷ்போர்டுக்குப் பளபளக்கும் சிலிகான் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணை மறைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பளபளப்பில்லாத டிரெஸ்ஸிங் (பிளாஸ்டிக் மேல் பூசும் பாதுகாப்புத் திரவம்) போதும்.

அப்புறம், பேனலைக் கழற்றுவதென்றால் பிளாஸ்டிக் நெம்பியால் மட்டும் நெம்புங்கள், பழைய கிளிப்புகள் குளிரில் பட்டென்று உடையும், அதனால் காரைக் கொஞ்சம் வெயிலில் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். ஏர்பேக் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள்.