பேஸ் கிட்டார்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனியின் பழைய பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் 'தும்' என்று கனமாக விழுந்து உடனே அடங்குகிறது. என்னிடம் பிரிசிஷன் மாடல் இருக்கிறது. எவ்வளவு முயன்றாலும் 'டிங்' என்றுதான் வருகிறது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரெஸர் பெடல் வாங்கட்டுமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: காசு பையிலேயே இருக்கட்டும். டெட்ராய்ட் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேமர்சனின் 1962 ஃபெண்டர் பிரிசிஷன், ஆம்ப்கூட இல்லாமல் நேராக மிக்ஸருக்குப் போனது.

முதலில் ஸ்ட்ரிங்கைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது ரவுண்டு வூண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங். உங்கள் 'டிங்' அங்கிருந்துதான் வருகிறது. ஜேமர்சன் போட்டது லா பெல்லா கம்பெனியின் ஃப்ளாட் வூண்ட், தட்டைக் கம்பி சுற்றியது. வழவழவென்று, நல்ல தடிமனாக இருக்கும். அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார். பழசாகி அழுக்கேறிய ஸ்ட்ரிங்தான் அவருக்குப் பிடித்தது.

அடுத்தது ஸ்பாஞ்ச். அந்தக் காலத்து ஃபெண்டரில் பிரிட்ஜுக்கு (கிட்டார் உடலில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் உலோகப் பகுதி) மேலே ஒரு குரோம் மூடி வரும். அதன் உட்பக்கம் ஃபோம் ஒட்டியிருக்கும், ஸ்ட்ரிங்கை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். பலரும் மூடியைக் கழற்றிவிட்டார்கள். ஆஷ்ட்ரே என்றே அதற்குப் பட்டப்பெயர்! ஜேமர்சன் கழற்றவில்லை. உங்கள் கிட்டாரில் மூடி இருக்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் பச்சை நாரைக் கிழித்துப் போட்டுவிட்டு, மஞ்சள் பகுதியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டி நாலு ஸ்ட்ரிங்குக்கும் அடியில் செருகுங்கள். தொட்டால் போதும். ஸ்ட்ரிங்கைத் தூக்கினால் சுருதி ஏறிவிடும்.

அப்புறம் விரல். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் அத்தனையும் வாசித்தார். 'தி ஹூக்' என்று அந்த விரலுக்கே பெயர். நடுவிரலை மடக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள், நோட்டுக்கு நோட்டு எடை மாறாமல் விழும். அந்தக் கிட்டாரோ, 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடு போய்விட்டது. இப்போதும் நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

கேள்வி: ஃப்ரெட் இல்லாத பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஒலி வேண்டும். என் ஜாஸ் பேஸ் மாடலில் ஃப்ரெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை) பிடுங்கிவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பிடுங்கலாம், ஆனால் வேலை அதோடு முடியாது. ஜாக்கோ போட்டது ரோட்டோசவுண்ட் கம்பெனியின் ரவுண்டு வூண்ட். வெறும் மரத்தை அது அரம் போல ராவிவிடும். அதனால்தான் விரல் பலகைக்குப் படகுக்குப் பூசும் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசினைப் பூசினார். குறட்டைக் கையில் எடுப்பதற்கு முன் செலவில்லாமல் ஒன்று செய்யுங்கள்: கழுத்துப் பக்கத்து பிக்கப்பின் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) வால்யூமை மூடிவிட்டு, பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்புக்கு மேலேயே விரலை வைத்து வாசியுங்கள். மூக்கால் பாடுகிற அந்த ஒலியில் பாதி வந்துவிடும். மீதிப் பாதிக்குக் காது வேண்டும். ஃப்ரெட் இல்லாத இடத்தில் மயிரிழை தள்ளி விரல் வைத்தாலும் ஊருக்கே தெரியும்.

கேள்வி: விரலுக்குப் பதில் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சின்ன வில்லை) வைத்து பேஸ் வாசித்தால் எங்கள் மாஸ்டர் திட்டுகிறார். அது தப்பா?
– பள்ளி மாணவி, மதுரை

பதில்: லாஸ் ஏஞ்சலஸில் கேரல் கே என்ற அம்மையார் 1960-களில் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் பிக் வைத்துத்தான் பேஸ் வாசித்தார். அடிப்படையில் கிட்டார்காரர், 1963-ல் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராததால் அந்த இடத்தில் உட்கார்ந்தவர். ஸ்ட்ரிங் மேல் ஃபெல்ட் துண்டு ஒன்றை வைத்து ஒலியை இறுக்கிக்கொள்வார். மாஸ்டரிடம் வாதம் வேண்டாம். வகுப்பில் விரல், வீட்டில் பிக்.