கம்பெனி லீஸ் காரை விட்டுவிட்டு ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு எப்போது மாறலாம்?

லீஸ் முடிகிற மாதம்தான் சரியான நேரம். அதற்கு முன்னாலும் வேண்டாம், அதைத் தாண்டி ஒரு மாதம் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கம்பெனி வழியாக வாடகைக்கு எடுத்த லீஸ் காரில் இன்னும் 14 மாதம் மீதி இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் ஃபோர்டின் ஸ்போர்ட்ஸ் கார் மஸ்டாங் ஒன்று வந்திருக்கிறது, விட்டால் கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் வேலை, வேறு பெரிய கடன் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எனக்கு வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், கடலோரத் தேவிபட்டினத்தில். தென் மாவட்டங்களைச் சுற்றுகிற விற்பனை வேலை, கம்பெனி வழியாக லீஸ் கார். 2016-ல் மஸ்டாங் இந்தியாவுக்கு வந்ததிலிருந்தே அந்த 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் மேல் எனக்குப் பைத்தியம். லீஸ் பாதியில் இருந்தபோது பெங்களூரில் ஒன்று விலைக்கு வந்தது. உடனே லீஸ் கம்பெனியிடம், இப்போதே முடித்தால் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேட்டேன். மீதி அசல், கடைசியில் வண்டிக்கென்று வைத்திருக்கும் மதிப்பு, பாதியில் முடிப்பதற்கான ஃபோர்குளோஷர் அபராதம், மேலே ஜிஎஸ்டி, இத்தனையும் சேர்ந்தது அந்தத் தொகை. அதே லீஸ் காரை வெளியே விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரித்துக் கழித்துப் பார்த்தேன். பெரிய துண்டு விழுந்தது. சம்பளத்தில் வரிக்கு முன்பே வாடகை போய்க்கொண்டிருந்த சலுகையும் அன்றோடு நின்றுவிடும்.

பெங்களூர் வண்டியில் இன்னொரு செலவும் இருக்கிறது. கர்நாடகா ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் அது சின்னத் தொகை இல்லை.

அந்த வண்டியைப் போகவிட்டேன். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் விட்டேன். மீதிக் காலத்தில் உப்புக்காற்று படாமலிருக்க வீட்டோரம் மூன்று பக்கமும் அடைத்து ஷெட் போட்டேன். கடற்கரை ஊரில் இது இல்லாமல் அந்த மாதிரி வண்டி வாங்கவே கூடாது. ராத்திரி வெளியே நின்ற காரின் பிரேக் டிஸ்க்கில் காலையில் காவி நிறத்தில் துரு படிந்திருக்கும். இரண்டு முறை பிரேக் மிதித்தால் கரகரவென்று உரசிப் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். அடியில் சஸ்பென்ஷன் போல்ட்டில் பிடிக்கிற துருவுக்குத்தான் பயப்பட வேண்டும். எங்கள் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் இன்னும் மோசம். ஷெட் கூரையிலிருந்து மழைநீரைத் தொட்டியில் பிடித்து, அடிப்பக்கத்தை அதில்தான் கழுவுகிறேன். குடிக்கிற தண்ணீரில் கார் கழுவுகிறானே என்று யாரும் எழுத வேண்டாம். நீங்கள் பெசன்ட் நகர் பக்கம் இருந்தால் இந்த உப்புக்காற்று உங்களுக்கும் உண்டு.

லீஸ் முடிகிற சமயத்தில், இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துக்கொள்ளுங்கள், வாடகையைக் குறைக்கிறோம் என்றார்கள். கூட வேலை பார்த்த பலர் இந்த இடத்தில்தான் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட ஆசைப்பட்ட வண்டியை இன்றுவரை வாங்கவில்லை. நான் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பணம் எங்கிருந்து என்று கேட்பார்கள். உச்சிப்புளியில் அப்பா வழி வந்த தென்னந்தோப்பில் என் பங்கை விற்றேன். வீட்டுக்கடனை முதலில் அடைத்தேன், மிச்சத்தில்தான் வண்டி. தோப்பை விற்றுக் கார் வாங்கினான் என்று பங்காளிகள் பேசுகிறார்கள், பேசட்டும். அந்தத் தோப்பில் ஒரு மட்டை பொறுக்கக்கூட அவர்களில் யாரும் வந்ததில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சென்னையில் வண்டி பார்க்கப் போன ஓரிடத்தில், ராமநாதபுரம் என்றதும் அங்கிருந்தவர், "தண்ணியில்லாத காட்டுல இத வச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்றார். தப்பு செய்த அதிகாரியைத் தூக்கியடிக்கிற ஊர் என்றே எங்களைப் படத்துக்குப் படம் காட்டிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. தண்ணீரே இல்லாத இடத்தையா ஈரநிலம் என்று உலகம் ஒப்புக்கொள்ளும்? அந்த ஆளிடம் வாங்கவில்லை. வேறிடத்தில் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியே கிடைத்தது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை அந்த நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பாருங்கள், காத்திருந்தது தெரியாது. தனுஷ்கோடிப் பக்கம் மட்டும் விரட்டாதீர்கள். தார் மேல் மணல் ஏறிக் கிடக்கும், பின்சக்கரம் இழுக்கிற வண்டி சட்டென்று வழுக்கும்.

உங்கள் விஷயத்தில் ஒரே ஒரு விலக்கு உண்டு. துண்டு விழுகிற தொகை இரண்டு மூன்று மாத வாடகைக்குள் அடங்கினாலோ, லீஸைச் சக ஊழியர் பெயருக்கு மாற்றக் கம்பெனி சம்மதித்தாலோ இப்போதே மாறலாம். எச்.ஆரிடம் கேட்டு அந்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். அந்த மஸ்டாங் எந்த மாநிலப் பதிவு, எந்த வருஷம் என்பதையும் சேர்த்து எழுதினால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.